வலை காத்த கைகள்: கிள்ளான் ஆறுமுகமும் ஊதியம் காணாத ஒரு காற்பந்து யுகமும்

1980ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மலேசியாவும் தென்கொரியாவும் மாஸ்கோ ஒலிம்பிக்கின் ஒரே ஓர் இடத்துக்காகப் போராடிக்கொண்டிருந்தன. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமனில் நிற்க, முடிவுக்குச் சில நிமிஷங்களே எஞ்சியிருந்த வேளையில், சபாவிலிருந்து வந்த ஹாசான் சானி பந்தைக் கொண்டோடி உள்ளே அனுப்ப, அதே சபாவின் மைந்தரான ஜேம்ஸ் வோங் அதை வலைக்குள் செலுத்தினார். அரங்கம் எழுந்து நின்றது. வானொலிப் பெட்டிகளைச் சூழ்ந்திருந்தவர்கள், மலாய்க்காரர், சீனர், தமிழர், சீக்கியர் என்ற வேற்றுமையை ஒரு கணம் மறந்து, பக்கத்தில் நின்றவர் எவராயினும் அவரைக் கட்டித் தழுவினார்கள். ஆனால் திடலின் மறுகோடியில், நூறு கஜ தூரத்துக்கு அப்பால், அந்த ஆனந்தத்தில் ஓடிப்போய்க் கலந்துகொள்ளும் பாத்தியதை இல்லாத ஒருவர் இருந்தார். எஞ்சிய நிமிஷங்களில் கொரியர்கள் புயலாகத் திரும்பி வருவார்கள் என்பதும், அந்தப் புயலைத் தடுத்து நிறுத்த வேண்டியவை தம்முடைய இரண்டு கைகளே என்பதும் அவருக்குத் தெரியும். அவர்தாம் கிள்ளான் தந்த கோல்காவலர் ஆர். ஆறுமுகம். வலை மறுபடி அசையவில்லை. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மலேசியா வென்றது.

இந்தக் கதையை இப்போது எடுத்துச் சொல்ல ஒரு முகாந்திரம் உண்டு. அயல்நாடுகளில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களுக்கு, அவர்களுடைய பாட்டன் பாட்டிமார் இந்த மண்ணில் பிறந்தவர்கள் என்று சொல்லி, தேசிய அணியின் சட்டை அளிக்கப்பட்டது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட பத்திரங்கள் போலியானவை என்று 2025 செப்டம்பரில் முடிவு செய்த உலகக் காற்பந்துச் சம்மேளனம், அந்த எழுவருக்கும் 12 மாதத் தடையும், மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதித்தது. அன்று முதல் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளிலும், கிள்ளான் தெங்கு கெலானா சாலையின் மளிகைக் கடை வாசல்களிலும், பந்தைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே கேள்வியில் வந்து முடிகிறது: ஒரு காலத்தில் நம் வீட்டுப் பிள்ளைகள் நின்ற இடத்தில் இன்று நம் பிள்ளைகள் ஏன் இல்லை?

அக்கேள்விக்கு விடை தேடுகிறவன் ஆறுமுகத்தின் வாழ்க்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் துணிபு.

துறைமுகத்தின் பிள்ளை

1953 ஜனவரி 31ஆம் தேதி ஆறுமுகம் பிறந்தபோது, இன்று போர்ட் கிள்ளான் என்று வழங்கும் ஊருக்குப் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்பது பெயர். 1901இல் திறக்கப்பட்ட அத்துறைமுகத்துக்கு ரப்பரும் ஈயமும் ரயிலேறி வந்தன. அந்தத் தண்டவாளத்தைப் போட்டவர்களிலும், அந்தச் சரக்கை ஏற்றி இறக்கியவர்களிலும் தமிழர் மிகப் பலர். தண்டவாளத்தின் ஒரு முனையில் பிரிக்பீல்ட்ஸின் ரயில்வே குடியிருப்புகள். மறு முனையில் துறைமுகத் தொழிலாளரின் வரிசை வீடுகள். இடைப்பட்ட பூமி முழுதும் ரப்பர்த் தோட்டங்கள். இம்மூன்று இடங்களிலும் வாழ்ந்த தமிழர்க்குப் பொதுவாக வாய்த்த ஆஸ்தி ஒன்று உண்டென்றால், அது வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த திடல். செருப்பில்லாத கால்களோடு மாலையில் அங்கே இறங்கிய பிள்ளைகளுக்கு வாத்தியார் இல்லை, சீருடை இல்லை, சில நாட்களில் உருப்படியான பந்தும் இல்லை. ஆயினும் இருட்டும் வரை ஆடுவதற்கு அவகாசம் இருந்தது.

அப்படிப்பட்ட சூழலிலிருந்து எழுபதுகளின் முற்பகுதியில் தேசிய அணிக்குள் வந்தவர், எண்பதுகளின் நடுப்பகுதி வரையில் அந்த இடத்தில் நிலைத்தார். சிலாங்கூருக்கும் அவரே காவல். மொக்தார் டஹாரி முன்னே கோல் போட, சோ சின் ஆன், சந்தோக் சிங் ஆகியோர் நடுவே அரணமைக்க, அவர்கள் அனைவருக்கும் பின்னே ஆறுமுகம் நின்ற அந்த அணியை, இந்நாட்டின் மூன்று இனத்தவரும் தம்முடையது என்று உரிமை கொண்டாடினார்கள். அந்த அபிமானத்தை எந்த அரசாங்கச் சுவரொட்டியும் உண்டாக்கவில்லை. சனிக்கிழமை மாலைதோறும் மைதானத்தில் கண்ணால் கண்டதால் அது உண்டாயிற்று.

கையே மூலதனம்

அவருடைய கைகள் அசாதாரண நீளமுடையவை. அதனாலேயே ரசிகர்கள் அவரை ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைத்தார்கள். கம்பத்தின் மூலையைக் குறிவைத்து வரும் பந்தை, அது கோட்டைக் கடக்க விரற்கடை தூரம் இருக்கும்போது, உடலைக் கிடையாக எறிந்து தட்டிவிடும் அவருடைய பாய்ச்சலைக் காணவே டிக்கெட் வாங்கியவர்கள் பலர்.

இந்தக் கலையைச் சற்று நின்று விளக்க விரும்புகிறேன். இன்றைய வாசகர்களில் இளையோர் தொலைக்காட்சியில் காணும் கோல்காவலருக்கும், அன்றைய கோல்காவலருக்கும் தொழில் முறையிலேயே பேதம் உண்டு. தம் அணியினர் காலால் திருப்பி அனுப்பும் பந்தைக் கோல்காவலர் கையால் எடுக்கலாகாது என்ற விதி 1992இல்தான் வந்தது. அதற்கு முன் அவர் அதைத் தாராளமாக வாரி அணைத்துக்கொள்ளலாம். ஆகவே அவருக்குக் காலின் சாமர்த்தியத்தைவிடக் கையின் உறுதியும் காலங்கணிக்கும் அறிவுமே பிரதானமாயின. இப்போது சாதாரணப் பள்ளி மாணவனும் அணிகின்ற, உள்ளங்கையில் கனத்த மெத்தை வைத்த பெரிய கையுறைகள், ஜெர்மனியின் செப் மயர் போன்றவர்களால் எழுபதுகளில்தான் பரவலாயின. நம் நாட்டிலோ மாலை மழை என்பது நாள் தவறாத விருந்தாளி. சேறும் நீரும் ஏறி வழுக்கும் பந்தைப் பிடிப்பதா, குத்தித் தள்ளுவதா என்று கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்மானிக்க வேண்டும். தீர்மானம் பிசகினால் முன்களத்தார் ஒரு மணி நேரம் பட்ட பிரயாசை அத்தனையும் பாழ். முன்களத்தார் பத்து வாய்ப்பைத் தவறவிட்டு ஒன்றில் கோல் போட்டால் கீர்த்தி பெறுகிறார். கோல்காவலர் பத்தைத் தடுத்து ஒன்றை விட்டால் பழி பெறுகிறார். அந்தத் தராசின் கீழ் பத்தாண்டுகளுக்கு மேல் ஒருவர் தம் இடத்தை இழக்காமல் நின்றார் என்றால், அது தேகபலத்தினால் மட்டும் ஆகக்கூடிய காரியம் அன்று.

> பெட்டிச் செய்தி: அந்தத் தலைமுறையின் அறுவடை
>
> 1974 டெஹ்ரான் ஆசிய விளையாட்டு: வெண்கலம். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் வடகொரியாவை 2–1 என வென்றது மலேசியா.
>
> 1977 கோலாலம்பூர், 1979 ஜகார்த்தா தென்கிழக்காசிய விளையாட்டுகள்: இரண்டிலும் தங்கம்.
>
> மெர்டேக்கா கிண்ணம்: 1973, 1974, 1976, 1979.
>
> மலேசியக் கிண்ணம்: சிலாங்கூர் 1975, 1976, 1978, 1979, 1981, 1982, 1984, 1986 ஆகிய ஆண்டுகளில் வெற்றி. ‘மலாயா’ என்னும் போர்க்கப்பலின் மாலுமிகள் அளித்த கிண்ணத்துக்காக 1921இல் தொடங்கிய போட்டி இது.

கைக்கு எட்டியது

தென்கொரியாவை வென்ற மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானத்துக்குள் புகுந்ததைக் கண்டித்து, அமெரிக்கா முன்நின்று நடத்திய ஒலிம்பிக் பகிஷ்காரத்தில் மலேசியாவும் சேர்ந்தது. மலேசியாவுக்கு உரிய இடத்தில் ஈராக் மாஸ்கோ சென்று, காலிறுதி வரையில் முன்னேறியது. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்குக்கு மலேசிய அணி சென்றபோது அந்த அணியில் எம். சந்திரன் இருந்தார், ஆறுமுகத்துக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1980இல் அவருக்கு வயது 27. கோல்காவலர் ஒருவருக்குத் தேகமும் அநுபவமும் ஒன்றுசேரும் பருவம் அது. அதன்பின் இன்றளவும் மலேசியக் காற்பந்து அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை.

அரசாங்கத்தின் முடிவு சரியா தவறா என்ற விசாரணைக்குள் நான் புக வரவில்லை. ஆனால் அந்த முடிவின் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்று கேட்கலாம் அல்லவா? ராஜதந்திரிகள் எவரும் எதையும் இழக்கவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே, விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் பயிற்சி செய்து தகுதி பெற்ற இளைஞர் கூட்டம் ஒன்றே இழந்தது.

பகலில் உத்தியோகம், மாலையில் ஆட்டம்

வேலைக்குப் போய்க்கொண்டே என்று சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் மையம். அந்த யுகத்தின் ஆட்டக்காரர்கள் ஆட்டத்தால் ஜீவனம் செய்தவர்கள் அல்லர். அரசாங்க இலாகாக்கள், வங்கிகள், போலீஸ் படை, துறைமுகம், வளர்ச்சிக் கழகங்கள் முதலிய ஸ்தாபனங்கள் அவர்களுக்கு உத்தியோகம் கொடுத்தன. அந்த ஸ்தாபனத்தின் அணிக்கும் மாநிலத்துக்கும் நாட்டுக்கும் அவர்கள் ஆடினார்கள். நாடே கொண்டாடிய மொக்தார் டஹாரிகூட சிலாங்கூர் மாநில மேம்பாட்டுக் கழகத்தின் ஊழியராகவே அதன் அணிக்கு ஆடினார். அரங்கம் நிறைந்து டிக்கெட் பணம் குவிந்த காலத்தில், அந்தக் கூட்டத்தை வரவழைத்தவர்களுக்குக் கிடைத்தது சிறு படிச்செலவும் கைதட்டலும்.

பகுதித் தொழில்முறை லீக் என்ற ஏற்பாடு 1989இல் வந்தது. முழுத் தொழில்முறை லீக் 1994இல். ஆறுமுகமோ 1988 டிசம்பர் 18ஆம் தேதி சாலை விபத்தொன்றில் காலமானார். வயது 35. ஆட்டக்காரனின் உழைப்புக்கு முறையான வேதனம் என்ற கொள்கையை இந்நாடு ஏற்றுக்கொண்ட ஆண்டு பிறக்க இரண்டு வாரங்களே இருந்தன. மூன்றாண்டுகளுக்குள், 1991இல், மொக்தாரும் நோய்வாய்ப்பட்டு மறைந்தார். தம் தோளில் இந்த ஆட்டத்தைச் சுமந்து சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் அந்தச் சந்தையின் லாபத்தில் ஒரு காசும் காணாமல் போனார்கள்.

> பெட்டிச் செய்தி: ஊதியத்துக்கு ஆடிய முன்னோடிகள்
>
> அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில், வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்து அமைக்கப்பட்ட முதல் அணி 1869இன் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ். அவ்வாண்டு அது ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. அதன் பந்தெறிவாளர் ஆசா பிரெய்னார்டின் சம்பளம் அந்தப் பருவத்துக்கு 1,100 டாலர்.
>
> இந்தியாவின் கிரிக்கெட் ஆட்டத்தில், தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த பல்வாங்கர் பாலு, பூனா நகரின் பார்சிகளுடைய மைதானத்தில் மாதம் 3 ரூபாய்க்கும், பின்பு ஐரோப்பியர் கிளப்பில் 4 ரூபாய்க்கும் பணியாளாகச் சேர்ந்து, துரைமாருக்குப் பயிற்சிப் பந்து வீசினார். 1911இல் இங்கிலாந்து சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட்டுகள் வீழ்த்திய அந்த மேதைக்கு இந்துக்கள் அணியின் தலைமை கடைசி வரை மறுக்கப்பட்டது. 1923இல் அவர் தம்பி விட்டல் அதைப் பெற்றார்.

பிரெய்னார்டு சம்பளம் வாங்கிய ஆண்டுக்கும் நம் லீக் சம்பளம் கொடுக்கத் தொடங்கிய ஆண்டுக்கும் இடையே 120 ஆண்டுகள். இந்தத் தாமதத்தை அமெச்சூர் தர்மம் என்று பெருமையாகச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. ஆசிய விளையாட்டு ஓட்டப் பந்தயத்தில் தங்கம் வென்ற மணி ஜெகதீசன் டாக்டருக்குப் படித்தவர். அவருக்கு அந்தத் தர்மம் தாங்கக்கூடியதாக இருந்தது. கல்வியும் சொத்தும் இல்லாத வரிசை வீட்டுப் பிள்ளைக்கு அது தாங்கக்கூடியதா என்று அந்தப் பெரியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. பணம் வந்ததும் எல்லாம் நேராகிவிடவும் இல்லை. லஞ்ச ஊழல் வெடித்து, 1995இல் 21 பேர் நீக்கப்பட்டு 58 பேர் தடை செய்யப்பட்டதை நாடு மறந்திராது. ஆயினும் ஊதியம் கொடுத்ததால் ஊழல் வந்தது என்ற வாதம் எனக்கு உடன்பாடன்று. உழைப்புக்குத் தக்க ஊதியமும் ஊதியத்துக்குத் தக்க கண்காணிப்பும் ஒருங்கே வந்திருக்க வேண்டும்.

திடல் போன வழி

இனி அந்தக் கேள்விக்கு வருவோம்: நம் பிள்ளைகள் எங்கே? ஜாதகத்தில் குற்றமில்லை, ஆர்வத்திலும் குறையில்லை. வாரக் கடைசியில் வாடகைக்கு விடப்படும் செயற்கைப் புல் மைதானங்களை நிறைப்பவர்களில் தமிழ் இளைஞர் கணிசமானவர். குறை மண்ணில் நேர்ந்தது.

ஷா ஆலாம் 1978இல் சிலாங்கூரின் தலைநகராயிற்று. அதற்கு முன் அந்த பூமி சுங்கை ரெங்கம் தோட்டம். சுபாங் ஜெயா என்னும் நகரம் சீபீல்டு தோட்டம் இருந்த இடத்தில் எழுந்தது. புத்ராஜெயாவுக்காகப் பிராங் பெசார் முதலான தோட்டங்கள் கலைந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டப்பட்டு, இன்று தேசிய அணி ஆடுகின்ற மாபெரும் அரங்கம் நிற்பது புக்கிட் ஜாலில் ரப்பர்த் தோட்டத்து நிலத்தில். பால்வெட்டுத் தொழிலாளரின் பிள்ளைகள் பந்தாடிய ஊரில்தான் நாட்டின் மிகப் பெரிய பந்தாட்ட அரங்கு எழும்பியிருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளை அதன் புல்தரையில் காண்பதுதான் அரிதாகிவிட்டது.

தோட்டம் போனபோது வேலை போயிற்று, வீடு போயிற்று என்று நாம் எழுதியிருக்கிறோம். கோயிலுக்காகவும் தமிழ்ப்பள்ளிக்காகவும் போராடியிருக்கிறோம். திடலுக்காக எவரும் போராடவில்லை. அது ஓர் உடைமை என்பதே நமக்குத் தோன்றவில்லை. தோட்டத்திலிருந்து அடுக்குமாடி வீட்டுக்கு வந்த குடும்பத்துப் பையன், கார் நிறுத்துமிடத்தில் இரண்டு செங்கல்லை வைத்துப் பந்தாடினான், காவலாளி விரட்டினார், அதோடு அவன் ஆட்டம் முடிந்தது. வாடகை மைதானத்துக்கு மணிக்கு இத்தனை வெள்ளி என்று கட்ட வேண்டும். பயிற்சிக் கழகத்துக்கு மாதச் சந்தா தனி. காலணியும் கையுறையும் வேறு. முன்பு எதுவும் இல்லாதவன் ஆடினான். இப்போது கொஞ்சமேனும் இருப்பவன்தான் ஆட முடிகிறது. கோல்காவலுக்கு இந்நிலை இன்னும் பாதகம்: சிமெண்டுத் தரையில் எந்தத் தாய் தன் பிள்ளையைப் பாய்ந்து விழ அனுமதிப்பாள்? ஆறுமுகத்தின் அந்தப் பாய்ச்சல் மண்ணில் விழுந்து விழுந்து கற்கப்பட்டது.

இரண்டாவது காரணம் பாதையின் அழிவு. ஸ்தாபன அணிகள் இருந்த காலத்தில், பந்தாடத் தெரிந்த இளைஞனுக்கு அந்த ஆட்டமே உத்தியோகத்துக்குச் சிபாரிசாயிற்று. ஆட்டம் முடிந்த பிறகும் உத்தியோகம் அவனைக் காப்பாற்றியது. தொழில்முறை லீக் அந்த ஏணியை எடுத்துவிட்டு, மேலே ஒரு மாடியை மட்டும் கட்டியது. மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி வைக்கும் அணிகளைப் பற்றிய செய்தி இன்று பத்திரிகைக்குப் புதிதன்று. தம் மகனை அந்த நிச்சயமின்மையில் இறக்கத் தயங்கும் பெற்றோரைக் குறை கூற எனக்கு நாவெழவில்லை.

முயற்சிகளே இல்லையென்று சொல்வது அநீதியாகும். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணி லீக்கில் புகுந்து, பின்பு பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரோடு 2019இல் உயர்மட்ட லீக்கிலேயே ஆடியது. வெளிநாட்டு ஆட்டக்காரர் எவரும் இன்றி, உள்ளூர்ப் பிள்ளைகளைக் கொண்டே ஆடிய தைரியமும் அதற்கு இருந்தது. 2022 பருவத்தோடு அது லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. அந்த விலகல் நாட்டில் எழுப்பிய சலனம், நியாயமாக எழுப்பியிருக்க வேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பது என் வருத்தம். பயிற்றுநர் ஸ்தானத்திலோ நம்மவர் தகுதியை நாடு கண்டிருக்கிறது: கே. ராஜகோபால் 2009இல் தென்கிழக்காசிய விளையாட்டுத் தங்கத்தையும், 2010இல் முதன்முறையாக ஆசியான் கிண்ணத்தையும் மலேசியாவுக்குப் பெற்றுத் தந்தார். அவரும் எழுபதுகளின் திடல்களில் உருவானவரே.

திரையில் ஒரு முத்துக்குமார்

2016இல் சியூ கெங் குவான் இயக்கிய ‘ஓலா போலா’ திரைப்படம் 1980இன் அந்த வெற்றியைக் கற்பனை கலந்து சொன்னபோது, அதில் வரும் முத்துக்குமார் என்ற கோல்காவலர் பாத்திரத்தில் ஆறுமுகத்தின் சாயலைக் கண்டு கண்கலங்கியவர்கள் இருந்தார்கள். இரண்டாண்டு கழித்து அது இசை நாடகமாகவும் மேடையேறியது. ஆனால் அவர் பெயரைக் கேட்டு யாரென்று வினவும் பதினைந்து வயதுப் பையன்களைக் கிள்ளானிலேயே காணலாம். படம் பார்த்தவனுக்குப் பாத்திரத்தின் பெயர் நினைவிருக்கிறது. மெய்யான மனிதரின் பெயரைச் சொல்லிக் கொடுப்பார் இல்லை.

மெர்டேக்கா அரங்கம் இன்றும் இருக்கிறது. 1957இன் தோற்றத்துக்கு மீட்கப்பட்டு, அருகே 118 மாடிக் கோபுரம் ஓங்கி நிற்க, பழம்பெருமைச் சின்னமாகப் பேணப்படுகிறது. கட்டடத்தைப் பேணத் தெரிந்த நாம், அதற்குள் நின்ற மனிதர்களின் சரித்திரத்தைப் பேணாமல் விடலாகாது.

ஆகவே, கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் துறைமுக அணியிலோ, ரயில்வே அணியிலோ, தோட்டத்து அணியிலோ ஆடிய பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் சொல்வதை இந்த மாதமே ஒலிப்பதிவு செய்யுங்கள். பெட்டியடியில் கிடக்கும் அணிப் புகைப்படத்தின் பின்புறத்தில் நிற்பவர்களின் பெயர்களை அவர் வாயால் கேட்டு எழுதிவையுங்கள். தமிழ்ப்பள்ளி வாரியங்களில் அங்கம் வகிப்போர், பள்ளித் திடலை மாலை ஐந்து மணிக்குப் பூட்டாமல் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். அரச மாநகரமாகிவிட்ட கிள்ளானின் மாநகர மன்றம் எஞ்சியிருக்கும் பொதுத் திடல்களை விளையாட்டு நிலமாக அரசிதழில் பதிவு செய்து, அவற்றில் ஒன்றுக்கு ஆர். ஆறுமுகத்தின் பெயரைச் சூட்ட வேண்டும். அதற்கான மனுவில் முதற்கையொப்பம் கிள்ளான் தமிழர்களுடையதாக இருக்கட்டும்.